காலடியில் கசிந்த நீர்

பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியருக்கு மோட்டார் வண்டியும் அடங்கி நடக்கும் என்று ஒரு காலத்தில் நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் 2019ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், றம்பொடை ஏற்றத்தில் ஆவியாய்ப் போயிற்று.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குக் குடும்பத்துடன் எமது பழைய காரிற் சென்றுகொண்டிருந்தோம். புசல்லாவையைத் தாண்டியதும் முன்கண்ணாடியின் உட்புறத்தில் புகார் படர்ந்தது.

“இஞ்சாருங்கோ, கால்மாட்டிலை ஈரமாக் கிடக்கு, ஏதோ இனிச்ச மணமும் வருது” என்றார் எம் துணைவியார்.

“மழைத்தண்ணிதான்” என்று நாம் தீர்ப்புக் கூறிவிட்டோம். மழைநீர் இனிப்பாய் மணக்குமோ என்று சிந்தித்தோமல்லோம்.

குளிர் மிகவே ஹீற்றரை இயக்கினோம். குளிர்காற்றே வந்தது. வெப்பமானியின் முள்ளோ சிவப்புக் கோட்டைத் தொட்டது! வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, பதற்றத்தில் றேடியேற்றர் மூடியில் துணியை வைத்துத் திருகப் போனோம். அருகே மகளும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, தொடாதீங்க!” பின்னால் வந்த தேயிலை லொறிச் சாரதி ஓடிவந்து எம் கையைப் பற்றினார்.

அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதியாதிருக்கும். மூடி தளர்ந்த கணமே ஆவியாய்ச் சீறும். ஆண்டுதோறும் நாம் கரும்பலகையில் எழுதும் பாடம் அது!

“ஹீற்றர்ல சூடு வருதுங்களா?” என்றார் அவர். இல்லையென்றோம். “அப்ப தண்ணி அங்க போகலைங்க.”

ஹீற்றர் என்பது காருக்குள் இருக்கும் ஒரு சிறிய றேடியேற்றரே. எஞ்சினின் சுடுநீர் அதனூடாகவும் ஓடுகிறது. எஞ்சின் கொதிக்கையில் அதில் வெப்பக்காற்று வருமாயின், அதனை முழுதாய்த் திறந்துவிட எஞ்சினின் சூடு சிறிது தணியும். குளிர்காற்று வருமாயின், நீர் குறைந்திருக்கும். அன்றேல் குழாயிற் காற்று அடைத்திருக்கும். அன்றேல் நீரைச் செலுத்தும் பம்பி பழுதாகியிருக்கும்.

சாரதி காலடி விரிப்பைத் தொட்டு முகர்ந்தார். கிளைக்கோல் கலந்த நீர்! ஹீற்றரே கசிந்து எஞ்சினை வறளச் செய்திருந்தது. கண்ணாடியிற் படிந்ததும் அதன் ஆவியே.

எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருந்தோம். பின்னர் அவர் ஹீற்றருக்குச் செல்லும் இரு குழாய்களையும் ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து, நீர் நிரப்பி அனுப்பிவைத்தார். பணம் நீட்டினோம்; வாங்க மறுத்துவிட்டார்.

மீண்டும் புறப்பட்டபோது துணைவியார் எம்மைக் குத்திக்காட்டவில்லை. அம்மௌனமே எமக்குச் சுட்டது. வகுப்பில் மாணவர் கூறும் சிறு அவதானத்தையும் குறித்துக்கொள்ளும் நாம், பக்கத்து ஆசனத்திலிருந்து வந்த அவதானத்தைத் தள்ளிவிட்டோம். நுவரெலியாவை அடைந்ததும் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அதன் பின்னரே கராச்சைத் தேடினோம்.