நாலு இளநீர் கடன்

‘கஜா’ புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை. நாங்கள் தஞ்சாவூரிலிருந்து கிளம்பியது அடுத்த வாரம் சனிக்கிழமை. நாலு பேர், ரெண்டு புல்லட். ஆபீஸில் சொன்ன காரணம், காய்ச்சல். நாலு பேருக்கும் ஒரே நாளில்!

உண்மையைச் சொன்னால், வேடிக்கை பார்க்கத்தான் போனோம்.

பட்டுக்கோட்டை தாண்டியதுமே அரட்டை நின்றுபோச்சு. தென்னந்தோப்பு இருந்த இடமெல்லாம் வெறும் வானம். மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரன்ட் கம்பங்களும் அப்படியே.

பேராவூரணிக்கு முன்னால், ரோட்டோரம் நின்ற பொடிப்பசங்க எங்களைப் பார்த்து ஓடி வந்தார்கள். பையில் நிவாரண சாமான் இருக்கிறதென்று நினைப்பு. உள்ளே இருந்தது கேமராவும் நாலு பிரியாணிப் பொட்டலமும்தான். பிரியாணியைக் கொடுத்தோம். கேமரா கடைசிவரை வெளியே வரவேயில்லை.

விழுந்த மரத்திலிருந்து ஒரு பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். காசு நீட்டினேன்.

“மரமே போயிருச்சு, இதுக்கென்ன காசு தம்பி? கன்னு வெச்சா காய்க்க அஞ்சாறு வருஷமாகும். அப்ப வாங்க, வாங்கிக்கிறேன்.”

கெடு தாண்டியாச்சு. இந்தச் சனிக்கிழமை கிளம்புகிறோம். கன்று காய்த்திருக்க வேண்டும். பெரியவரும் இருக்க வேண்டும்.

லீவுக்குக் காரணம்? ‘கடன் அடைக்க’ என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.