காணாமல் போன கம்பெனிகளின் கணக்கு

ஒரு பங்கு ஏன் இன்னொன்றைவிட அதிக வருமானம் தருகிறது? இந்தக் கேள்விதான் எனக்குச் சோறு போடுகிறது. பெங்களூருவின் வைட்ஃபீல்டில், ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்காவின் சுற்றுவட்டாரத்தில், இதையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

1964-இல் வில்லியம் ஷார்ப் சொன்ன விடை எளிது: சந்தையோடு சேர்ந்து ஒரு பங்கு எவ்வளவு ஆடுகிறதோ, அந்த பீட்டாவுக்கு ஏற்ற கூலி. அது மட்டும் போதாது என்று ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் 1992-இல் அமெரிக்கத் தரவைக் கொண்டு காட்டினார்கள். சிறிய கம்பெனிகளும், புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் மலிவாகக் கிடைப்பவையும் பீட்டா சொன்னதைவிடக் கூடுதலாகத் தந்திருந்தன. அண்மையில் ஏறிய பங்கு மேலும் சில மாதங்கள் ஏறுகிறது என்று 1993-இல் ஜெகதீஷும் டிட்மனும் சேர்த்தார்கள். அதுதான் மொமெண்டம்.

இவற்றையெல்லாம் சேர்த்த சமன்பாடு ஒரே வரி. உழைப்பெல்லாம் தரவில். 1990-களில் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டிவிட்டு, முகவரியே இல்லாமல் மறைந்த கம்பெனிகள் நம் நாட்டில் ஏராளம். இன்று பட்டியலில் மிஞ்சியிருப்பவற்றை மட்டும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஸ்மால்கேப் எனப்படும் சிறிய கம்பெனிப் பங்கு பொன்முட்டையிடும் வாத்தாகத் தெரியும். வாங்க ஆளில்லாமல் நாள்கணக்கில் லோயர் சர்க்கியூட்டில் (ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி எல்லையில்) கிடக்கும் பங்குக்குத் திரையில் தெரிவதும் விலை அல்ல.

அகமதாபாத் ஐஐஎம்மின் அகர்வாலா, ஜேக்கப், வர்மா மூவரும் இந்த இரண்டையும் சரிசெய்து 1993–2012 காலத்துக்குக் கணக்கிட்டார்கள். ஆண்டுச் சராசரியில் மொமெண்டம் 21.9 சதவீதம், மலிவுப் பங்குகளின் கூடுதல் 15.3, ரிஸ்க் இல்லாத வட்டிக்கு மேல் சந்தை தந்தது 11.5. சிறிய கம்பெனி என்பதற்காகக் கிடைத்த கூடுதல்? பூஜ்யம்! ஆனாலும் ‘ஸ்மால்கேப்னாலே ரிட்டர்ன் ஜாஸ்தி சார்’ என்று சொல்லிக்கொண்டுதான் புதுப் பையன்கள் வேலைக்கு வருகிறார்கள்.

அந்த 21.9-ஐப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஏறியவற்றை வாங்கி, இறங்கியவற்றை ஷார்ட் அடித்தால் (கையில் இல்லாமலே விற்றால்) வரும் காகிதக் கணக்கு அது. சாதாரண முதலீட்டாளர், ஃப்யூச்சர்ஸ் இல்லாத பங்கை ஒரு நாளுக்கு மேல் ஷார்ட்டில் வைத்திருப்பது நடைமுறையில் இயலாத காரியம். தரகு, வரி வேறு.

மலிவுப் பங்குகளும் மொமெண்டமும் தரும் இந்தக் கூடுதல் எதனால்? ரிஸ்க்கின் கூலி என்பார் ஃபாமா. மனித மனத்தின் கோணல் என்பார் ஷில்லர். 2013-இல் பொருளாதார நோபல் பரிசை இருவருக்கும், ஹான்சனையும் சேர்த்து, பங்கிட்டே கொடுத்தார்கள். நான் ஷில்லர் கட்சி.

இந்தக் காரணிகளின் வருமானத்தை அகமதாபாத் ஐஐஎம் இலவசமாகவே வெளியிடுகிறது. ஃபண்ட் மேலாளர் ஒருவர் தன் திறமைக்குக் கட்டணம் கேட்டால், அவருடைய வருமானத்தை முதலில் சந்தை, சிறிய அளவு, மலிவு, மொமெண்டம் என்ற இந்த நான்கோடு ஒட்டிப் பாருங்கள். மீதி ஏதாவது நின்றால், அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.