அத்தையின் வயலும் மஞ்சள் அசுரனும்

அத்தை டெலிபோனில், "உடனே புறப்பட்டு வா" என்றால், பூதப்பாண்டி பக்கம் யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று அர்த்தம். நானும் பட்டுப் புடவை சகிதம் போய் இறங்கினேன். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை! வீட்டுக்கு எதிரே, பக்கத்து வயலில், மஞ்சள் நிறத்தில் ஓர் அசுரன் உறுமிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா மக்களே! நாலு தலைமுறையா நெல்லு விளைஞ்ச பூமி. ரெண்டு நாளில செம்மண்ணைத் தட்டி மேடாக்கியாச்சு. நம்ம வயலையும் இப்படியே நிரப்பி மனை போடணும்னு ஒங்க அத்தான் ஒத்தக் கால்ல நிக்கான். நீ படிச்சவ, ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் அத்தை.

சொல்வதற்கு முன் அசுரனைப் பார்த்துவிடலாமென்று வரப்பில் இறங்கினேன். வாய்க்காலோரச் சேற்றில் என் செருப்பு ஒன்று புதைந்தே போயிற்று. 20 டன் எடையுள்ள அசுரன் மட்டும் புதையவில்லை. காரணம், சக்கரத்துக்குப் பதில் அவன் காலில் இருக்கும் இரும்புப் பட்டை. இட்லி மாவில் கரண்டிக் காம்பை நிறுத்தினால் அமிழ்ந்துவிடும். தட்டை மெல்ல வைத்தால் மிதக்கும் அல்லவா? அதே சங்கதிதான்.

இந்தப் பட்டை பிறந்ததே சேற்றினால்தான். அமெரிக்காவில் காலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கத்துக் கழனிகளில் நீராவி டிராக்டர்கள் புதைந்து போய்க்கொண்டிருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தைக் கழற்றி விட்டு, மரக்கட்டைகள் கோத்த சங்கிலிப் பட்டையை மாட்டி, 1904 நவம்பரில் ஓட்டிப் பார்த்தார். ஊர்ந்து போன அழகைப் பார்த்து 'காட்டர்பில்லர்', அதாவது கம்பளிப்பூச்சி, என்று பெயர் வந்தது. 1931-ல் அந்தப் பூச்சிக்கு டீசல் எஞ்சினும் வாய்த்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அப்படிக் காற்றை அமுக்கி அமுக்கிக் கொதிக்க வைத்து எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் இதை ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது 1897-ல்.

அந்த வருஷத்தை நாஞ்சில் நாட்டார் மறக்கக்கூடாது. அதே 1897-ல்தான் திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் துரையின் மேற்பார்வையில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை வேலை ஆரம்பமாயிற்று. முடிய 1906 ஆயிற்று. புல்டோசர் ஏது அப்போது? மனிதக் கைகள்தான். அத்தையின் வயலில் இன்று பாயும் தண்ணீர் அந்தக் கைகள் கொடுத்தது.

இந்தக் கதையை நான் பெருமையாக அளந்துகொண்டிருந்தபோது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பாட்டி குறுக்கிட்டாள். சிறு வயதில் குளம் தூர்வாரக் கடவம் சுமந்தவள்.

"சும்மாடு வச்சாலும் ஈர மண்ணு தண்ணி ஒழுகும் பிள்ளே. கண்ணுல விழும், துடைக்கக் கை இருக்காது. இந்த வண்டி அப்பமே வந்திருந்தா எனக்க கழுத்து தப்பிச்சிருக்கும்!"

என் பெருமை அடங்கிற்று. எந்தப் பெண்ணின் தலையிலிருந்து கடவத்தை இறக்கி வைத்ததோ அந்த யந்திரத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அணை கட்ட ஒன்பது வருஷம். ஒரு வயலை மூட இரண்டு நாள். யோசிக்கக்கூட அவகாசம் தராத அந்த வேகம்தான் வயிற்றைக் கலக்கிற்று. அத்தானிடம் அதைச் சொன்னேன். "பத்திரிகையிலே எழுது" என்று சிரித்தார். விதை, உரம், கூலி என்று அவர் எடுத்து நீட்டிய கணக்கு நோட்டுக்கு என்னிடம் பதில் இல்லை என்பதும் உண்மை.

மத்தியானம் டிரைவர் தம்பி தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தான். அத்தை மோர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "தம்பி, ஒரு சந்தேகம். போட்ட மண்ணைத் திரும்ப எடுத்துப்போட்டு நெல்லு விதைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எடுத்திரலாம் அம்மா, ரெண்டு நாள் வேலை. ஆனா அடியில கிடக்க வண்டலும் வாளியோட சேர்ந்து வந்திரும்."

அத்தை செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அடுக்களையிலிருந்து குரல் கேட்டது: "எலே, கன்னிப்பூவுக்கு விதைநெல்லு எடுத்து வச்சாச்சா?"

அத்தான் என்னை முறைத்தார். நான் சேற்றில் புதைந்த செருப்பைத் தேட வரப்புக்கு நழுவினேன்.