திரும்பி வராத புள்ளிகள்

அப்பாவின் மருத்துவமனைக் கட்டணங்களைக் கடன் அட்டையில்தான் செலுத்தினேன். அவர் போய்விட்டார், வெகுமதிப் புள்ளிகள் எஞ்சின. அவற்றை மாரியட் பான்வாய் கணக்குக்கு மாற்றி, அம்மாவை மதுரையில் இரண்டு நாள் தங்கவைக்கலாம் என்றாள் மனைவி. (விசுவாசம் என்ற சொல் விடுதிகளுக்கும் போய்விட்டது!)

இம்மாற்றம் ஒருவழிப் பாதை. விடுதிக் கணக்கில் சேர்ந்த புள்ளி வங்கிக்கு மீளாது. அங்கே 24 மாதங்கள் கணக்கு அசையாதிருந்தால் காலாவதியாகிவிடும். 2022-இல் மாரியட் நிலையான புள்ளிப் பட்டியலைக் கைவிட்டது. அதன்பின் ஒரே அறைக்கான புள்ளிகள் நாளுக்கு நாள் வேறுபடுகின்றன. ஆகவே அறை கிடைப்பதை உறுதிசெய்துகொண்டே மாற்றவேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பா காசா?" என்றாள். விளக்க முயன்று, ஆமாம் என்றேன்.

"அப்படின்னா ஜன்னல்ல கோபுரம் தெரியுமான்னு கேளு."

அன்றிரவே மாற்றினேன்.