அக்னி நட்சத்திரத்துக்கும் ஒரு வேலை

அக்னி நட்சத்திரம் வந்தால் அம்பத்தூரே வெயிலைத் திட்டும். மாடியில் தக்காளி வளர்க்கும் அந்த அம்மா மட்டும் அதற்காகக் காத்திருந்தார். வாடிய செடிகளைப் பிடுங்கியபோது வேரெல்லாம் மணிமணியாக வீங்கியிருந்தது. நூற்புழுவின் வேலை. மண்ணைக் கொட்டிவிட மனமில்லை. புது மண்ணை மூட்டை மூட்டையாக மாடியேற்றுவது லேசா என்ன?

மண்ணை நனைத்து அரையடி கனத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்தார். கறுப்புத் தாளென்றால் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். நாலைந்து வாரம் அப்படியே கிடக்க வேண்டும். 1976-ல் இஸ்ரேலில் யாக்கோவ் கட்டான் குழுவினர் எழுதிய முறை இது; நம் கோடை உழவுக்குத் தம்பி. நூற்புழுவும் களை விதையும் வெந்துபோகும். கோரைக்கிழங்குதான் தப்பிக்கும், அதன் ஆயுசு கெட்டி!

தரையிலென்றால் மண்புழு ஆழத்துக்கு ஓடிவிடும். மாடியில் எங்கே போகும்? மூடும் முன்பே பொறுக்கி நிழலில் இருந்த தொட்டியில் விட்டிருந்தார். நல்ல நுண்ணுயிர்களும் குறைந்திருக்குமே என்று, தாளை எடுத்ததும் மட்கிய தொழுவுரம் கலந்தார். ஆடிப் பட்டத்துக்கு நாற்று தயார்.