காங்கேசன்துறைக் கல்

யாழ்தேவி ஓடும் தண்டவாளம் முடிகிற இடம் காங்கேசன்துறை. மாவிட்டபுரம் கோயிலுக்கான காங்கேயன் சிலை வந்திறங்கிய துறை என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். ஆனால் மூத்தவர்களுக்கு இந்த ஊர் என்றால் சீமெந்துதான். 1950இல் தொடங்கிய தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றது. சனம் இடம்பெயர்ந்தது, ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மிஞ்சியவை கல் தோண்டிய பெருங்கிடங்குகள்.

ஊரின் மிகப் பழைய கதை அந்தக் கிடங்குகளின் சுவரில் இருக்கிறது. யாழ் குடாநாட்டைத் தாங்கி நிற்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் முருகைகளும் சுண்ணாம்புப் பாசிகளும் சிப்பிகளும் கடல் முள்ளெலிகளும் மடிந்து, படிந்து, இறுகிய கல் இது. கூடவே ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகளும் உண்டு. ஒற்றைச் செல் என்றாலும் சில வகைகளை வெறுங்கண்ணால் பார்க்கலாம். அவற்றில் ஒன்றான டாபெரினா மலபாரிகா கேரளத்துக் கொல்லம் பாறைகளிலும் கிடைக்கிறது. ஆய்வாளர்களான வேலண்டும் டேவிஸும் இலங்கையின் மயோசீன் பற்றி 1923இலேயே எழுதிவிட்டார்கள்.

இந்தக் கல்லை மழைநீர் கரைத்துப் பிளவும் குகையுமாக்கிவிட்டது. கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊறுவதும், நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருப்பதும் அதனால்தான். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் முழுகுகிறவரைத் தொடும் தண்ணீர் பழைய சிப்பிகளுக்கு ஊடாக வந்தது.

ஆனால் அம்மோனைட் தேடி வருகிறவருக்கு இங்கே ஏமாற்றம்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விண்கல் விழுந்த காலத்துப் பேரழிவில் அந்தச் சுருள் ஓட்டு இனம் தொலைந்தது. நமது கல் அதற்கு 4 கோடி ஆண்டுக்கும் மேல் பிந்தியது. அழிவின் இரு பக்கத்தையும் பார்க்கக் கடல் கடக்கவேண்டும். 2023 ஒக்டோபரில் இங்கிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் தொடங்கியது வசதியாகப் போயிற்று. அங்கிருந்து அரியலூர் பக்கம்தான்.

அரியலூர்ப் பாறைகளில் கீழே அம்மோனைட்டுகளும் பெரிய சிப்பிகளும் நிறைந்த கடல் அடுக்குகள். பிறகு கடல் பின்வாங்க, ஆறு கொட்டிய மணல். கல்லமேட்டில் அதற்குள் டைனோசர் எலும்புகள். அதன் மேல் கடல் மறுபடி ஏறிவந்து விட்டுப்போன நின்னியூர் அடுக்கு. அங்கே அம்மோனைட் இல்லை. ஆனால் நாட்டிலஸின் உறவான ஹெர்கோகிளாசா இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரு இனங்களில் ஒன்று ஏன் தப்பியது? அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, மேற்கடலில் மிதவை உயிர்களோடு அலைந்தவை. அங்கே உணவு அற்றுப்போனதும் அவையும் போயின. நாட்டிலஸ் பெரிய முட்டை இடுவது, ஆழத்திலும் வாழ்வது. பலர் ஏற்கும் விளக்கம் இது.

அரியலூரும் சீமெந்து ஊர்தான். கல்லைத் திறந்து உயிர்ச்சுவட்டைக் காட்டுவதும் அதையே அரைத்துத் தூளாக்குவதும் அங்கேயும் ஒரே தொழில். ஆனாலும் வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

இங்கே மறுபடி கல் வெட்டும் பேச்சு எழுந்தால் கிணறுகளில் உப்பு ஏறுமா என்று முதலில் கேட்கவேண்டும். அதற்கு அடுத்தபடி, ஒரு கிடங்குச் சுவரையாவது மாணவர்கள் படிக்க விட்டுவைக்கலாம். கப்பலுக்குக் காத்திருக்கும் மண்டபத்தில் இந்த ஊர்க் கல்லில் அறுத்த பலகை ஒன்றும், அரியலூர் அம்மோனைட் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?