திறவுகோலும் அமானிதமும்

அரபு மொழியில் சாவிக்கு மிஃப்தாஹ் என்று பெயர். திறத்தல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழின் திறவுகோலும் அதே பொருளைத்தான் தருகிறது. நாம் நாள்தோறும் வழங்கும் 'சாவி' என்னும் சொல்லோ போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. சொல் எதுவாயினும் நம் மனத்தில் எழும் கருத்து ஒன்றே. பூட்டுக்கு இசைந்த வடிவுடைய ஓர் இரும்புத்துண்டு கையில் இருந்தால் போதும், பூட்டு திறந்துகொள்ளும் என்பதே அக்கருத்து. இன்றைய மோட்டார் காரின் சாவியைப் பொறுத்தவரை அக்கருத்து பாதி உண்மையாகிவிட்டது. இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை; கீழக்கரையில் நம் தங்கை வீட்டு வாசலில் நின்று அறிந்தோம்.

நம் மைத்துனருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரு நாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் இராமநாதபுரம் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டு திரும்புவார். அவருடைய மகன் ஷார்ஜாவில் இருக்கும் சபராளி. வாப்பாவின் சிகிச்சைக்காகவே அவர் தம் பெயரில் ஒரு காரை வாங்கி வீட்டில் விட்டுச் சென்றிருந்தார்.

சென்ற ஆண்டு, சாவியின் பிளாஸ்டிக் கூடு வெடித்துவிட்டதென்று வீட்டுப் பிள்ளைகள் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்ப் புதுக்கூடு மாற்றி வந்தார்கள். மறுநாள் விடியலில் பொத்தானை அழுத்தக் கதவு திறந்தது. சாவியைத் திருக எஞ்சின் சுழன்றது. ஒரு நொடி உறுமி உடனே நின்றது. முகப்பில் சாவி உருவம் கொண்ட சிறு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னிற்று. பேட்டரி இறங்கிவிட்டது என்றார் ஒருவர். தள்ளிப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். தள்ளியும் பயனில்லை. அன்று மைத்துனர் வாடகை வண்டியில் போனார். வழக்கமான நேரத்துக்குப் பிந்தித்தான் சேர முடிந்தது. தவறவிடக் கூடாத சிகிச்சை அது. ஆதலால் வீட்டில் எல்லோருடைய முகத்திலும் கலக்கம் தெரிந்தது.

நடந்தது இதுதான். பழைய கூட்டுக்குள் நெல்மணியை ஒத்த ஒரு சிறு பொருள் இருந்திருக்கிறது. கூடு மாற்றியவர் இரும்புத் தண்டையும் பொத்தான் பலகையையும் எடுத்துப் புதுக்கூட்டில் வைத்தார். அச்சிறு பொருளைக் கவனியாமல் பழைய கூட்டோடு குப்பையில் போட்டுவிட்டார். அதுவே சாவியின் உயிர்நாடி என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அதனைச் சிப் என்கிறார்கள். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவியில் நாம் மாற்றும் பேட்டரி, தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் பொத்தானுக்கு உரியது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருகியதும் அச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்லும். சில விரற்கடைத் தொலைவுக்கு அப்பால் அதன் குரல் எட்டாது. எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி அதைத் தன்னிடமுள்ள பதிவோடு ஒப்பிடும். ஒத்திருந்தால் எரிபொருளை விடும், ஒவ்வாவிட்டால் நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது, அறிமுகமும் வேண்டும் என்பதே இதன் சட்டம்.

பூட்டுக்கு வடிவத்தோடு அறிவையும் சேர்க்கும் எண்ணம் புதியதன்று. 1206ஆம் ஆண்டில் தம் பொறியியல் நூலை முடித்த அல்-ஜஸரீ, நான்கு வட்டுகளில் எழுத்துகளைச் சரியாகப் பொருத்தினால் மட்டுமே திறக்கும் பேழைப் பூட்டு ஒன்றை அதில் விவரித்திருக்கிறார். கையில் இருப்பதைக் களவாடலாம். நெஞ்சில் இருப்பதைக் களவாடுவது அரிது என்னும் தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது. அத்தத்துவமே இன்று சிப்பாக வந்திருக்கிறது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. இதனால் 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் நெதர்லாந்தில் கார்த்திருட்டு சராசரியாக 40 விழுக்காடு அளவுக்குக் குறைந்ததென அந்நாட்டுப் பொருளியல் ஆய்வாளர் கணித்தனர். அமெரிக்காவிலோ இந்த ஏற்பாடு இல்லாத ஹூண்டாய், கியா கார்களைக் களவாடும் முறை 2022இல் காணொளிகள் வாயிலாகப் பரவிற்று. திருட்டுகள் பெருகவே 2023இல் அந்நிறுவனங்கள் இலவசமாகக் கணினி நிரலை மாற்றித்தர முன்வந்தன.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். இராமநாதபுரத்திலிருந்து சாவி வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், ரெண்டாவது சாவி இருக்கா?" என்பதே அவருடைய முதற்கேள்வி. பதிவான இன்னொரு சாவி கையில் இருந்தால் வேலை எளிது. சில வகைச் சிப்புகளை அதைப் பார்த்தே படியெடுத்துவிடலாம் என்றார். தொலைபேசியில் மருமகனைக் கேட்டோம். "மாமா, அது என் பெட்டிக்குள்ளேதான் கிடக்கு" என்றார். தங்கையின் கண்ணில் நீர் துளிர்த்தது.

இளைஞர் அடுத்துக் கேட்டது ஆர்.சி. புத்தகத்தையும் உரிமையாளரின் அடையாளச் சான்றையும். "பெத்த பிள்ளையோட வண்டிக்கு எனக்கே சாட்சி வேணுமா?" என்று தங்கை வருந்தினாள். இளைஞர் அடக்கமாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க உம்மா. நான் ஒரு சாவி செஞ்சா இன்னொண்ணும் செய்ய முடியும். காகிதம் பார்க்காம செய்யுறவன்கிட்ட நீங்களும் வண்டியைக் கொடுக்கக்கூடாது." அச்சொல் நம் உள்ளத்தில் தைத்தது. மருமகன் அன்றே ஒப்புதல் கடிதமும் சான்றுகளும் அனுப்பினார். அவற்றைக் காட்டி, நிறுவனத்தாரிடமிருந்து காரின் இரகசிய எண்ணைப் பெற்றோம். இதற்குள் நான்கு நாள் கழிந்தது. வாடகை வண்டி இன்னொரு முறையும் போய்வந்தது.

புதுச் சிப்பைச் சாவிக்குள் பொருத்திய பின், இளைஞர் தம் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள இணைப்பில் செருகினார். இரகசிய எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவுகளை நீக்கிப் புதுச் சாவியைப் பதிந்தார். எஞ்சின் நின்று நிலைத்து ஓடிற்று. கணினியில் இப்போது எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதைக் கருவியின் திரையில் நமக்குக் காட்டினார், ஒன்று என்றிருந்தது. அதாவது, ஷார்ஜாவிலுள்ள சாவி இனி கதவைத் திறக்கும், துவாரத்திலும் திரும்பும். ஆனால் எஞ்சின் அதை அறியாது. மருமகன் ஊர் வரும்போது அதையும் கொண்டுவந்து பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இரும்பு அதே இரும்பாக இருந்தும் அறிமுகம் போய்விட்டால் சாவி சாவியன்று. திறப்பது பொருளன்று, அதன்பால் வைக்கப்பட்ட நம்பிக்கையே எனலாம். நம் மரபில் சாவியும் அமானிதமும் இணைந்தே வந்துள்ளன. கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது, அதிகாரம் முழுதும் தம் கையில் இருந்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கஃபாவின் சாவியை அதனைக் காத்துவந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பி அளித்தார்கள். இக்கரையூர்களில் சபர் புறப்படும் ஆண்கள் வீட்டுச் சாவியைப் பெண்களிடமும் அண்டை வீட்டாரிடமும் அமானிதமாக வைத்துச் சென்றதும் அவ்வழி வந்த பண்பே. சாவி எங்கே தேவைப்படுமோ அங்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. இன்று காரை வீட்டில் விட்டு, இரண்டாவது சாவியைக் கடல் கடந்து கொண்டுபோகிறோம்.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள். இரண்டாவது சாவி கார் நிற்கும் ஊரிலேயே, ஆனால் காருக்குள் அன்றி, நம்பத்தக்க ஒருவரிடம் இருக்கட்டும். கார் வாங்கும்போது சாவி எண்ணோ இரகசிய எண்ணோ எழுதிய அட்டை தந்தால் அதை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அதன் படத்தைப் பலருக்கும் அனுப்பாதீர்கள். சபராளியின் பெயரில் கார் இருந்தால், ஒப்புதல் கடிதம் ஒன்றை முன்னதாகவே வாங்கி வையுங்கள். உப்புக்காற்றில் பொத்தான் கெடலாம், கூடு வெடிக்கலாம். கூடு மாற்றும்போது சிப் இடம் மாறியதைக் கண்ணால் பாருங்கள். கூடு நொறுங்கினாலும் சிப் முழுதாக இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். சாவித் துவாரத்தை ஒட்டிப் பிடித்தால் அதுவே பெரும்பாலும் எஞ்சினை ஓடவிடும். பழைய கார் வாங்குவோர் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறதென்று பார்த்து, தம் கையில் இல்லாதவற்றை நீக்கிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆர்.சி. புத்தகம் கேட்கும் தொழிலாளியிடம் சினம் கொள்ளாதீர்கள். அவர் கேட்பது நம்மைச் சந்தேகித்து அன்று. நம் பொருளை நமக்காகக் காப்பதற்கே.